ஆரம்பம் ட்ராம்போனுக்குத்தான்

அவள் எழுதிய முதல் இசைக்கோப்பு ஒரு நிமிஷம்கூட முழுசாக ஓடவில்லை. சாக்ஸஃபோன்கள் ஒரு பக்கம் போக, ட்ரம்பெட்டுகள் வேறு பக்கம் போக, நடுவில் மாட்டிக்கொண்ட ட்ராம்போன்கள் யார் பின்னால் போவதென்று தெரியாமல் விழிக்க, ட்ரம்ஸ்காரர் சிரிப்பை அடக்க மாட்டாமல் குச்சியைக் கீழே விட்டார். துறைமுகத் தொழிலாளர் மன்றத்தின் மாடி ஹாலில் ஒவ்வொருவராக ஊதுவதை நிறுத்தினார்கள். கடைசியில் ஒரே ஒரு சாக்ஸஃபோன் மட்டும் கொஞ்ச தூரம் தனியாக ஓடி, தான் தனியாக ஓடுவது தெரிந்ததும் நின்றது.

"ரெண்டு லாரி நேருக்கு நேர் மோதின மாதிரி இருக்கே. யாருக்காவது அடி பட்டுதா?" என்றார் முதல் ட்ரம்பெட். ஊரில் பல் டாக்டர். அவர் சொன்னதும் ஹாலே சிரித்தது.

எழுதியவள் மூன்றாம் ட்ராம்போன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு பெயர் உண்டு. லிஃப்ட் கம்பெனியில் அவளுடைய அடையாள அட்டையில் அது இருக்கிறது. ஆனால் பேண்டுக்குள் யாரும் அதைச் சொல்லி அவள் கேட்டதில்லை. முதல் நாள் "மூணாவது நாற்காலி காலியா இருக்கு, உக்காரு" என்றார்கள். அன்றிலிருந்து அவள் மூணு. அவளுடைய அக்கா வீட்டுக்காரர், அதே பேண்டில் முதல் ஆல்டோ சாக்ஸஃபோன் ஊதுகிறவர், அவர்கூட வீட்டு விசேஷத்தில் "மூணு, அந்தத் தட்டை இப்படித் தள்ளு" என்றுதான் கூப்பிடுவார்.

பிக் பேண்ட் என்கிற பெரிய ஜாஸ் குழுவில் உட்காரும் முறை ஒன்று உண்டு. முன்வரிசையில் ஐந்து சாக்ஸஃபோன். அதற்குப் பின்னால், குழாயை நீட்டி மடக்கி ஊதுகிற நான்கு ட்ராம்போன். அதற்கும் பின்னால் உயரமாக நான்கு ட்ரம்பெட். ஓரமாகப் பியானோ, கிட்டார், பேஸ், ட்ரம்ஸ். எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவளின் பிடரியில் ட்ரம்பெட் அறையும். மடியில் சாக்ஸஃபோன் வந்து விழும். கேட்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஊதுவதற்கு அதைவிடச் சலிப்பான இடமும் கிடையாது. மெட்டு ட்ரம்பெட்டுக்குப் போகும், அலங்காரம் சாக்ஸஃபோனுக்குப் போகும், மூன்றாம் ட்ராம்போனுக்கு மிஞ்சுவது நீளமான ஒரே சுரம். "நீ தூண் மாதிரி. தூண் ஆடக் கூடாது" என்பார் பேண்டை நடத்தும் மாஸ்டர்.

பேண்ட் வாசிக்கிற எல்லாவற்றையும் வாத்தியம் வாரியாகப் பிரித்து எழுதியவர் மாஸ்டர்தான். சும்மா சொல்லக் கூடாது, கைதேர்ந்த மனிதர். எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் ஆடுகிற கால்கள் தானாக ஆடும்படி எழுதிவிடுவார். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் எழுதுவார். ஒருநாள் அவள் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள். "மாஸ்டர், ஒரு தடவையாவது ஆரம்பத்தை ட்ராம்போனுக்குக் குடுக்கலாமே?"

"ட்ராம்போனைக் கேக்கறதுக்கு எவனாவது டிக்கெட் வாங்குவானா?" என்று அவர் தாளைப் புரட்டினார். அவ்வளவுதான் பதில். அந்தப் பதில் அவளுக்கு மீன் முள் மாதிரி தொண்டையில் நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தாள்.

இப்போது சிரிப்பு அடங்கியதும் மாஸ்டர் சாக்ஸஃபோன் தாளை எடுத்துப் பார்த்தார்.

"தப்பு எங்கன்னு சொல்லுங்க மாஸ்டர், திருத்திக்கறேன்" என்றாள்.

"எங்க இல்லன்னு கேளு, அது சுலபம்." மறுபடி சிரிப்பு. "மூணு, இந்த பேண்டுல எழுதறதுக்கு ஆள் இருக்கேன். ஊதறதுக்குத்தான் ஆள் வேணும்."

அவள் எழுந்தாள். காது இரண்டும் கொதித்தது. அழுகை வருமோ என்று ஒரு கணம் பயமாக இருந்தது. வரவில்லை, கோபம்தான் வந்தது. ஸ்டாண்டு ஸ்டாண்டாகப் போய்த் தன் தாள்களைத் திருப்பி வாங்கினாள். அத்தான் தலையைக் குனிந்துகொண்டே கொடுத்தார். பல் டாக்டர் உதட்டைத் தடவிக்கொண்டே கொடுத்தார். எல்லாவற்றையும் அடுக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "திரும்ப எழுதுவேன். திரும்பக் கொண்டு வருவேன்" என்றாள்.

"கொண்டு வா, கொண்டு வா. டீ கிளாஸ் வைக்கத் தாள் இல்லாமத்தான் இருக்கு" என்றார் மாஸ்டர்.

வீட்டில் அவள் கணவர் தூரிகைகளைக் கழுவிக்கொண்டே கதையைக் கேட்டார். அவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். சுரம் ஒன்றும் தெரியாது. ஆனால் பதினேழு பேருக்கும் தனித்தனியாகத் தாளைப் பிரதி எடுத்துக் கொடுத்தது அவர்தான். புள்ளியும் கோடும் அச்சடித்த மாதிரி இருந்தன.

"எழுத்து நல்லா இருந்துதுன்னு யாராவது சொன்னாங்களா?" என்று கடைசியில் கேட்டார்.

அவளுக்கு அன்று முதல்முதலாகச் சிரிப்பு வந்தது.

தப்பு எங்கே என்று மறுநாளே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆல்டோ சாக்ஸஃபோனுக்கு எழுதும்போது, காதுக்கு வேண்டிய சுரத்தை அப்படியே எழுதினால் வராது. அந்த வாத்தியம் தாளில் இருப்பதைவிடக் கீழே பேசும். அதனால் ஏற்றி எழுத வேண்டும். அவளுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் ஏற்ற வேண்டியதை இறக்கி எழுதிவிட்டாள். அது சின்னத் தப்பு, அழித்து எழுதினால் போச்சு. ஆனால் சரியான சுரங்களைப் போட்டு மனசுக்குள் ஓட்டிப் பார்த்தபோது, லாரி மோதாவிட்டாலும் வண்டி நகரவில்லை என்று தெரிந்தது. அதுதான் பெரிய தப்பு.

கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் போட்டுப் பார்த்தாள். அவள் எழுதியதை எல்லாம் அது மணிமணியாக வாசித்தது. மூச்சு வாங்காது, உதடு வீங்காது, எத்தனை உயரத்தில் எத்தனை நேரம் ஊதச் சொன்னாலும் சரி சரி என்று ஊதும். அவள் முதலில் எழுதிய கண்ணராவியைக்கூட அது அழகாகத்தான் வாசித்துக் காட்டியது. "இது ஆமாஞ்சாமி" என்று மூடி வைத்துவிட்டாள்.

மனிதர்களிடமே போனாள். முதலில் பல் டாக்டரிடம். க்ளினிக்கில் அடுத்த நோயாளி வருவதற்குள் அவர் வெளியே சத்தம் கேட்காதபடி ட்ரம்பெட்டின் அகன்ற வாயில் அடைப்பானைச் செருகி, சாய்வு நாற்காலியில் தானே உட்கார்ந்து ஊதிக் காட்டினார்.

"இந்த மேல் சுரம் இருக்கே, ஒரு தடவை கேட்டா சந்தோஷமா ஊதுவேன். ரெண்டாவது தடவை கேட்டா தலையெழுத்தேன்னு ஊதுவேன். மூணாவது தடவையும் கேட்டா நீ எனக்கு விரோதி. நீ எத்தனை தடவை கேட்டிருந்தே தெரியுமா?"

"எண்ணலை டாக்டர்."

"என் உதடு எண்ணுச்சு."

அத்தான் ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டர் கிளார்க். அவருக்குப் பேசிப் புரியவைக்க வரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் எழுதிய வரியை வாயால் பாடிக் காட்டச் சொன்னார். பாதியில் அவளுக்கே மூச்சு முட்டியது. "ஆங், பாத்தியா? மெட்டு எழுதறப்போ என்னை மனுஷன்னு நினைச்சு எழுது" என்றார். பேஸ் வாசிப்பவர் யாரிடமும் பேசாத ஆசாமி. அவளிடம் இரண்டே வாக்கியம் பேசினார். "கீழ் சுரம் என் ஏரியா. அங்க நெருக்கமா யாரையும் குடி வைக்காதே."

அதன் அர்த்தம் அவளுக்கு வேலையில் விளங்கியது. கட்டடங்களின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் சின்ன அறையில், கிரீஸும் சூடும் கலந்த காற்றில் அவள் பாதி நாளைக் கழிப்பாள். மோட்டார் ஓடும்போது அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரே சுரத்தில் முனகும். ஸ்பேனரைப் பிடித்தபடி அவள் அதன்மேல் பாடிப் பார்த்தாள். மோட்டாரை ஒட்டிப் பக்கத்திலேயே பாடினால் சத்தம் சகதியானது. தள்ளி நின்று பாடினால் இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தன, சேர்ந்தும் நின்றன. கீழே விசாலமாக விட வேண்டும், மேலே போகப் போக நெருக்கலாம். அவள் பேனாவை எடுத்து, தன் நாலு ட்ராம்போன்களையும் கீழேயிருந்து பிரித்துத் தூக்கி வைத்தாள். வெளியே காவலாளி கதவைத் தட்டி, "அம்மா, லிஃப்ட் சரியாயிடுச்சா, இல்ல பாட்டுக் கச்சேரியா?" என்று கேட்டார்.

எழுதுவதைவிட அழிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. எல்லாருக்கும் எப்போதும் ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற தாராள மனசு அவளுக்கு. யாரும் சும்மா இருக்கக் கூடாது, பாவம். அந்தப் பாவத்தை விட்டொழித்த பிறகுதான் பாட்டுக்குக் காற்று வந்தது. ட்ரம்பெட்டுகளை முதல் பாதி முழுவதும் வாயை மூட வைத்தாள். ஆரம்பத்தை ட்ராம்போன்களுக்கே கொடுத்தாள். பேஸ்கூட இல்லாமல், நான்கு ட்ராம்போன் மட்டும், மெதுவாக, நாலு பேர் ஒரு கனமான சாமானைத் தூக்கிப் படியேறுகிற மாதிரி.

மாஸ்டரிடம் கொண்டுபோனாள். அவர் வாங்கிப் பார்க்கவே இல்லை. "மன்றத்து ஆண்டு விழா வருது. ஒத்திகைக்கு நேரமில்லை" என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வாரம் அவள் கேட்கவில்லை. ஒத்திகை முடிந்து எல்லாரும் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்று, "ஞாயித்துக்கிழமை காலையில எங்க கம்பெனி ஒர்க்‌ஷாப்பைத் திறந்து வைக்கறேன். வர்றவங்க வரலாம். டீ உண்டு" என்றாள். மாஸ்டர் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒர்க்‌ஷாப்பில் பழுதான லிஃப்ட் கதவுகளைச் சுவரோரம் நகர்த்தி, பதினேழு நாற்காலி போட்டாள். அவளுடைய கணவர் ஸ்டாண்டுகளில் தாளை வைத்துவிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். பதினோரு பேர்தான் வந்தார்கள். அத்தான் வந்தார், அக்கா அனுப்பினாளாம். பேஸ் ஆசாமி யாரிடமும் பேசாமல் வந்து உட்கார்ந்தார். பல் டாக்டர் எல்லாருக்கும் கடைசியாக வந்து, "இன்னிக்கி என் உதட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா வழக்கு போடுவேன்" என்றார்.

முதல் முறை தடுமாறியது. இரண்டாம் முறை நடுவில் ஓரிடத்தில் இரண்டாம் ஆல்டோ யாரும் எதிர்பாராத ஒரு சுரத்தை ஊதினார். எல்லாரும் நிறுத்தினார்கள்.

"தாள்ல இருக்கு" என்றார் அவர்.

அவள் போய்ப் பார்த்தாள். மூலத்தில் டீ சிந்திய பொட்டு ஒன்றை அவள் கணவர் அச்சு மாறாமல் சுரமாகப் பிரதி எடுத்திருந்தார். வாசலில் நின்றிருந்தவருக்கு முகம் செத்துவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு. விட்டுடு" என்றார் பேஸ் ஆசாமி. அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான். அவள் இன்னொரு முறை ஊதச் சொல்லிக் கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது. விட்டுவிட்டாள்.

மூன்றாம் முறை வண்டி நகர்ந்தது. மூன்று ட்ராம்போன்தான், ஒருவர் வரவில்லை. ஆனாலும் அந்த ஆரம்பம் தகரக் கூரையைத் தொட்டுத் திரும்பியது. பிறகு சாக்ஸஃபோன்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. அதுவரை வாயை மூடியிருந்த ட்ரம்பெட்டுகள் எழுந்தன. தலைக்குள் இத்தனை நாள் முனகிக்கொண்டிருந்த ஒன்று, அவளுடையதல்லாத வாய்களிலிருந்து வெளியே வருகிறது. தன் பகுதியை ஊத மறந்து வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். பாட்டு முடிந்தது. டாக்டர் ட்ரம்பெட்டைத் தட்டி எச்சிலை உதறிவிட்டு, "மூணு ஊதவே இல்லை. இன்னொரு தடவை" என்றார்.

இது மாஸ்டர் காதுக்குப் போகாமல் இருக்குமா? அடுத்த ஒத்திகையில் அவரே கூப்பிட்டார். "குடு, பாக்கலாம்." நின்றபடியே கடைசித் தாள் வரை படித்தார். புருவம் ஓரிடத்தில் உயர்ந்தது, ஓரிடத்தில் சுருங்கியது.

"சரி. ஆண்டு விழாவுல வைக்கலாம்" என்றார். "ரெண்டு விஷயம். ஆரம்பத்தை ட்ரம்பெட்டுக்கு மாத்தறேன். அப்புறம், நிகழ்ச்சி அட்டையில இசைக்கோப்புன்னா என் பேர்தான் போகும். இந்த பேண்டுல எப்பவும் அப்படித்தான். உனக்குன்னு தனியா ஒரு வழக்கம் கிடையாது."

"ஆரம்பம் ட்ராம்போனுக்குத்தான் மாஸ்டர். பேரும் என் பேர்தான்."

"அப்ப மேடை ஏறாது."

"ஏற வேண்டாம்."

"யோசிச்சுப் பேசு. அந்த நாற்காலியில உக்கார வெளிய ஆள் காத்துட்டிருக்கு."

"போன்னு சொல்லுங்க, போறேன். நானாப் போக மாட்டேன்" என்றாள். அவர் கையிலிருந்த தாள்களை வாங்கிக்கொண்டு மூன்றாம் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். மாஸ்டர் போ என்று சொல்லவில்லை. கையை உயர்த்தி ஒத்திகையை ஆரம்பித்தார்.

மறுநாள் அத்தான் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏம்மா, பேரு என்ன பெரிய பேரு? யாரு எழுதினதுன்னு எங்களுக்குத் தெரியாதா? கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போயேன். முதல் தடவை மேடையில கேக்கற சந்தோஷம் வேண்டாமா?"

"வேணும் அத்தான். ரொம்ப வேணும். அதனாலதான் விட்டுக் குடுக்க மாட்டேன். மூணுன்னு கூப்பிடறீங்க, கூப்பிடுங்க, எனக்கு ஒண்ணும் இல்லை. ஆனா நான் எழுதினதுமேல இன்னொருத்தர் பேர் போடறதுக்குப் பதிலா, நானே தாளைக் கிழிச்சுப் போட்டுடுவேன்."

அத்தான் அவளுடைய கணவரைப் பார்த்தார். கணவர் கையில் பெயர்ப்பலகைப் பெயிண்ட் காய்ந்திருந்தது. "நான் பேர் எழுதறவன். தப்பான பேரை எழுதச் சொன்னா நானும் எழுத மாட்டேன். என்னைப் பாக்காதீங்க" என்றார்.

ஆண்டு விழா நடந்தது. அவள் தன் நீளமான சுரங்களை ஒரு குறையில்லாமல் ஊதினாள். கூட்டம் கைதட்டியது. அவளுக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்.

லிஃப்ட் கம்பெனித் தொழிலாளர்களின் சங்கக் கூட்டம் ஒவ்வொரு வருஷமும் அதே ஒர்க்‌ஷாப்பில் நடக்கும். பேச்சு, ஓட்டெடுப்பு, பிறகு சாப்பாடு. அந்த வருஷம் ஓட்டெடுப்புக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் அவள் தன் ஞாயிற்றுக்கிழமைக்காரர்களை உட்கார வைத்தாள். இப்போது பதினாலு பேர். வராதவர்களுக்கு எழுதிய பகுதிகளை வந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்து முழுக்கவும் மாற்றி எழுதியிருந்தாள். சுவரில் அவள் கணவர் எழுதிய அட்டை தொங்கியது. அடையாள அட்டையில் இருக்கும் அந்தப் பெயர், சிவப்பில், பார்வைக் குறைபாடு உள்ளவருக்கும் தெரிகிற அளவில். "இவ்வளவு பெரிசா வேணுமா?" என்று அவளே கேட்டிருந்தாள். "சின்ன தூரிகை கிடைக்கலை" என்று சொல்லிவிட்டார்.

மூன்று ட்ராம்போன்கள் ஆரம்பித்தன. தட்டைக் கையில் எடுத்தவர்கள் எடுத்தபடி நின்றார்கள். ஷட்டர் திறந்திருந்ததால் தெருவில் போனவர்கள் இரண்டு பேர், பிறகு ஐந்தாறு பேர் எட்டிப் பார்த்தார்கள். ட்ரம்பெட்டுகள் எழுந்தபோது வெல்டிங் பிரிவுக்காரர் ஒருவர் சத்தமாக "அப்படிப் போடு!" என்றார். பாட்டு முடிந்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். அவள் இந்த முறை ஒரு சுரத்தையும் விடாமல் ஊதியிருந்தாள்.

கூட்டம் கலைந்து சாப்பாட்டுப் பக்கம் போனபோது ஷட்டர் ஓரத்தில் மாஸ்டர் நிற்பதைப் பார்த்தாள். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. நேராக அவளிடம் வந்தார். அட்டையை ஒருமுறை பார்த்தார்.

"ரெண்டாவது பகுதியில சாக்ஸஃபோன் நெரிசலா இருக்கு. மேலேருந்து ரெண்டாவது சுரத்தை ஒரு ஸ்தாயி கீழ இறக்கு. காத்து வரும்."

அவள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அவர் சொன்னது சரி. அந்த இடம் அவளையும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது, ஏன் என்று தெரியாமல் இருந்தாள்.

"இறக்கறேன் மாஸ்டர். ஆரம்பம்?"

"ஆரம்பம் எனக்குப் பிடிக்கல."

"உங்களுக்குப் பிடிக்கணும்னு எழுதலை."

"தெரியுது" என்றார். அத்தானுக்குத் தலையசைத்துவிட்டு, சாப்பிடக் கூப்பிட்டதற்கும் நிற்காமல் போய்விட்டார்.

அடுத்த ஒத்திகையில் அவள் மாடி ஹாலில் மூன்றாம் நாற்காலியில் இருந்தாள். மாஸ்டர் வழக்கம்போலத் தன் தாள்களைக் கொடுத்தார், அவள் வழக்கம்போலத் தூணாக நின்றாள். அவளுடைய இசைக்கோப்பு அந்த மேடைக்கு இன்றுவரை ஏறவில்லை. அவர் கேட்கவுமில்லை, அவள் கொடுக்கவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் சாக்ஸஃபோன் இடத்தை அழித்துத் திருத்திக் கொண்டுவந்தாள். ஊதிப் பார்த்தார்கள். காற்று வந்தது. "கெழவர் சொன்னது சரிதான்" என்றார் அத்தான்.

"சரியானதைச் சரின்னு எடுத்துப்பேன். அதுக்காக மத்ததை விட்டுட முடியுமா?" என்றபடி அவள் அடுத்த பாட்டின் தாள்களைக் கொடுத்துக்கொண்டே போனாள். மை இன்னும் சரியாகக் காயவில்லை.

பல் டாக்டர் தன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுலயும் எனக்கு ஆரம்பம் இல்லையா?"

"பேஸுக்கு" என்றாள்.

பேஸ் ஆசாமி தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நாற்காலியை அரை அடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். டாக்டர் பெருமூச்சு விட்டார். அவள் தன் ட்ராம்போனை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, கையை உயர்த்தினாள்.